ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு கோடு

ஓசூரில் வாகன உதிரிபாகங்களுக்கு முலாம் பூசும் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். முலாம் தொட்டிகளைக் கழுவி வரும் தண்ணீரைச் சுத்தம் செய்ய அங்கே பின்பக்கம் ஒரு பிளான்ட் உண்டு. அதை ஒட்டிய சின்ன லேப்தான் என் இடம். வெளியே போகும் தண்ணீரைச் சோதித்து, அளவுகளை ரிஜிஸ்டரில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுவேன். வீடு பாகலூர் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில். கணவருக்கு விவசாயம், கோஸும் தக்காளியும் போடுவார். ஆறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. நாங்கள் தென்பெண்ணை என்போம். எல்லைக்கு மேலே அதே தண்ணீருக்குத் தட்சிண பினாகினி என்று பெயர்.

மழை பெய்தால் ஆற்றில் நுரை பொங்கும். வீட்டுக் கூரை உயரத்துக்கு வெள்ளையாக எழும்பி, காற்றடித்தால் பிய்ந்து ரோட்டில் உருளும். டி.வி.க்காரர்கள் வருவார்கள், போனில் படம் எடுக்கக் கூட்டம் சேரும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கப் போனபோதுதான் அவளை முதலில் பார்த்தேன். எல்லோரும் நுரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, நுரை ஒதுங்கிய ஓரமாகத் தண்ணீருக்குள் குனிந்து கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கல்லின் அடிப்பக்கத்தையும் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு வெள்ளைத் தட்டில் கழுவினாள்.

என்ன தேடுகிறாள் என்று தமிழில் கேட்டேன். கன்னடத்தில் பதில் சொன்னாள். பிறகு இரண்டு பேருமே தெலுங்குக்கு மாறினோம். என் வீட்டிலும் தெலுங்குதான், அவள் வீட்டிலும் தெலுங்குதான். இனி அவள் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் தெலுங்கில் பேசியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். தட்டைக் காட்டினாள். நூல் போன்ற சிவப்புப் புழுக்கள் நெளிந்தன, வேறு ஒன்றுமில்லை. நல்ல தண்ணீராக இருந்தால் தட்டான் குஞ்சு இருக்கும், நத்தை இருக்கும், கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பூச்சிகள் இருக்கும் என்றாள். நான் லேப்பில் வேலை பார்ப்பதைச் சொல்லி, ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதித்தாலே போதுமே என்றேன்.

"பாட்டில்ல எடுக்குற தண்ணி அந்த நிமிஷத்த மட்டுந்தான் சொல்லும் அக்கா. இதுங்க மாசக்கணக்கா இங்கயே குடியிருக்குதுங்க. போன மாசம் இந்த வழியா என்னென்ன போச்சுன்னு இதுங்களத்தான் கேக்கணும்," என்றாள்.

எனக்கு அன்றைக்கு அது சுருக்கென்று பட்டது. பாட்டில் தண்ணீர் ஒரு நிமிடத்தை மட்டும்தான் சொல்லும் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஓசூரில் குறைவு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவள் கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் சில வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்திருந்தாள். இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடும் ஒரு பெரிய ஆறு. அந்த ஆற்றில் ஒரு மீன், முட்டையிட ஓட்டத்தை எதிர்த்து மேலே இருக்கும் நாட்டுக்கு ஏறும். கீழ்நாட்டு மீனவர்கள் வருடா வருடம் மீன் குறைகிறது என்று எழுதி வைத்திருந்தார்கள். மேல்நாட்டு அணைக்காரர்கள் எந்த மாதம் மதகை மூடினோம் என்று எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு நோட்டையும் ஒரே மேசையில் விரித்த பிறகுதான், மீன் ஏறும் மாதத்தில்தான் மதகு மூடியிருக்கிறது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்ததாம். அதற்கப்புறம் உனக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று பேசுவதற்கு முன்னால் ஆற்றுக்கு எத்தனை என்று பேச ஆரம்பித்தார்கள். மீன், கரை, சதுப்பு, அதில் பிழைக்கிற ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே உடம்பாக வைத்து முடிவெடுத்தார்கள். நாடு விட்டு நாடு செய்ய முடிந்ததை ஒரே நாட்டுக்குள் இரண்டு மாநிலம் செய்ய முடியாதா என்று கேட்டாள். முடியும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அப்படித்தான் எங்கள் ஆற்றில் நாங்கள் எண்ணிப் பார்க்கும் பத்து இடங்கள் வந்தன. ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லைக்கு மேலே. ஆறும் ஏழும் எங்கள் பக்கம், எல்லைக்கும் ஓசூருக்குப் பக்கத்து அணைக்கும் நடுவில். எட்டு, அணை. ஒன்பது, தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வரும் ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழே. பத்து, கிருஷ்ணகிரி போகும் வழியில் பாறைகள் நிறைந்த ஒரு திருப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் ஐந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ் ஐந்து. கற்களைப் புரட்டி எண்ணுவோம். நான் தண்ணீரையும் சோதிப்பேன்.

அணையில் வலை போடும் ஒரு அம்மா எங்களோடு சேர்ந்தார். புருஷன் இறந்த பிறகு தானே பரிசல் தள்ளி மீன் பிடிக்கிறவர். முதல் நாள், மீன் பெயரை எழுதி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். எந்த வருடம் எது காணாமல் போனது என்று தெரிந்துகொள்ள என்றோம். அவர் உட்கார்ந்து விரல் விட்டுச் சொன்னார். ஆரல் போனது முதலில். பிறகு உளுவை. கெளுத்தி இருக்கிறது, ஆனால் வயிற்றைக் கிழித்தால் சோப்பு வாடை. இப்போது வலையில் விழுவதெல்லாம் ஜிலேபி. எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் மீன் அது. அவர் சொல்லச் சொல்ல எழுதிய இரண்டு பக்கம், நாங்கள் பிறகு சேர்த்த எல்லாவற்றையும்விடக் கனமானது.

எல்லாம் ஒரே நோட்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று கைக்கு வந்த எழுத்தில் எழுதினோம். ஒரு மாதம் என்னிடம் இருக்கும், மறுமாதம் அவளிடம். ஆரம்பத்திலேயே ஒன்று பேசிக்கொண்டோம்: யாருக்குக் கொடுத்தாலும் பத்து இடங்களையும் சேர்த்துத்தான் கொடுப்பது. மேல் ஐந்தை மட்டும் பார்த்தால் எல்லாக் குற்றமும் மேலே இருக்கிறவர்கள் மேல் விழும். கீழ் ஐந்தை மட்டும் பார்த்தால் கீழே இருக்கிறவர்கள் மேல் விழும். இரண்டுமே உண்மைதான், ஆனால் பாதி.

மூன்று வருடம் அப்படிப் போனது. என் மாமியாருக்கு இதயக் கோளாறு வந்து எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மூன்று நாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் கூடவே இருந்தாள். டாக்டர்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னதையெல்லாம் என் கணவருக்குத் தெலுங்கில் எடுத்துச் சொன்னாள். அவர் அதுவரை அவளை 'அந்த மேடம்' என்றுதான் சொல்வார். அதற்குப் பிறகு 'உன் தங்கச்சி' என்று சொல்ல ஆரம்பித்தார்.

மூன்றாவது வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை ஒன்பதாவது இடத்தில் நின்றோம். கற்களெல்லாம் துரு நிறத்தில் வழுவழுவென்று இருந்தன. போன மாதம் எண்ணிய நத்தைகள் ஒன்றுகூட இல்லை. சிவப்புப் புழுகூட இல்லை. அவள் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டே போனாள். நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் காரணம் தெரியும். மழை நாட்களில் எங்கள் பிளான்ட்டில் ஒரு வால்வைத் திறப்பார்கள். சுத்தமாகாத தண்ணீர் மழைநீரோடு சேர்ந்து ஓடைக்குப் போய்விடும். திறப்பதற்கு முன்னாலேயே எனக்கு ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் வந்துவிடும். நான் அதைச் சோதித்து, வந்த அளவை எழுதி, கையெழுத்துப் போடுவேன். பொய் அளவு எதுவும் எழுதியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இதைத்தான் பின்னால் சொல்கிறேன் என்றேன்.

அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எந்தெந்தத் தேதியில் திறந்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். ஞாபகம் இருந்தது. நோட்டை என் மடியில் வைத்தாள். நானே தமிழில் ஒரு பக்கம் முழுக்க எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன். அவள் நோட்டை மூடினாள்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் அக்கா. பத்தும் ஒண்ணா வெளிய வர்ற அன்னிக்கு, உன்னக் கேட்டுட்டுத்தான் இந்தப் பக்கம் வெளிய வரும்," என்றாள்.

அதற்குச் சில மாதம் கழித்து, இரண்டு மாநில அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து ஆற்றைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அவளைக் கர்நாடகப் பக்கத்து ஆலோசகர்களில் ஒருத்தியாகச் சேர்த்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் அணைக்கரையில் பஜ்ஜி வாங்கித் தின்று கொண்டாடினோம். பத்து இடங்களும் அந்த மேசைக்குப் போகப்போகின்றன என்று நினைத்தோம்.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து அரசுப் பொறியாளர் ஒருவர் நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். மரியாதையான மனிதர். என் கணவர் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, நோட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா என்று கேட்டார். முழுவதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்தைச் சொன்னேன்.

"முழுசா வச்சுத்தாம்மா பேசுவோம். அரகொறையா பேசினா எங்களுக்கே அசிங்கம்," என்றார்.

நோட்டு அந்த மாதம் என்னிடம் இருந்தது. பாகலூரில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். பத்து இடங்களும் இருந்தன, என் கையெழுத்தில் இருந்த அந்த ஒரு பக்கத்தைத் தவிர. அவளிடம் சொல்லிவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று தள்ளிப்போட்டேன். அப்படியே சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கூட்டம் ஓசூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. விவசாயிகளும் மீன்காரர்களும் பின்வரிசையில் உட்காரலாம் என்றார்கள். லீவு எடுத்துக்கொண்டு மீன்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் எங்கள் தொழிற்சாலை மேனேஜர் உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலைகள் சார்பில் சிலரை அழைத்திருந்தார்கள்.

முதலில் எங்கள் பொறியாளர் எழுந்தார். திரையில் எங்கள் படங்கள் வந்தன: கல், தட்டு, சிவப்புப் புழு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதோடு நின்றது. தென்பெண்ணை எல்லைக்குள் நுழையும்போதே செத்துத்தான் நுழைகிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்து விவசாயிகள் கை தட்டினார்கள். அவர்களோடு வந்திருந்த என் கணவரும் தட்டினார். நான் பொறியாளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்து, நன்றி சொல்கிற மாதிரி தலையசைத்தார்.

போகட்டும், அவள் எழுந்து பத்தையும் சொல்வாள் என்று நினைத்தேன். அவர் விட்ட பாதியை அவள் சொல்லிச் சரி செய்துவிடுவாள் என்று டீ இடைவேளை முழுக்க மீன்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எங்களைத் தேடி ஏன் பின்வரிசைக்கு வரவில்லை என்று மட்டும் கேட்டார்.

இடைவேளைக்குப் பிறகு அவள் மேடைக்குப் போனாள். திரையில் ஆறு வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. எல்லைக்கு மேலே அரைகுறையாகவாவது உயிர் இருக்கிறது, கீழே போகப்போகச் சாகிறது என்றாள். ஆங்கிலத்தில் பேசினாள். நான் அவள் ஆங்கிலம் பேசி அதுவரை கேட்டதில்லை. கடைசியில் ஒரு பக்கம் திரையில் பெரிதாக விழுந்தது. என் கையெழுத்து. வால்வு திறந்த தேதிகள். என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை.

மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது என்னவென்று புரியவில்லை. என் மேனேஜர் மெதுவாகத் திரும்பினார். வரிசைவரிசையாகக் கண்ணை ஓட்டி, என்னிடம் வந்து நிறுத்தினார். பதினொரு வருடமாகத் தினமும் அந்தக் கையெழுத்தை ரிஜிஸ்டரில் பார்க்கிறவர் அவர்.

அவள் மேடையிலிருந்து இறங்கிப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாள். ஒரு முறைகூடப் பின்வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். ஒரு வாரத்தில் தபாலில் கடிதம் வந்தது. ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் சில நாட்களில் வால்வு திறந்திருந்தது நிர்வாகத்துக்குத் தெரியவந்தது, அந்த நாட்களிலும் அளவுகள் சரி என்று அவர் கையெழுத்திட்டிருக்கிறார், ஆகவே அவரை நீக்குகிறோம். அந்த ஊழியர் நான்தான். வால்வை நான் தொட்டதே இல்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது. பதினொரு வருடமாக என்னை எதற்காக வைத்திருந்தார்கள் என்று அந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்குத்தான் புரிந்தது.

கணவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். வேலை போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்போ உனக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுக்கினுதான் தெனமும் சாயந்திரம் வூட்டுக்கு வந்து எங்கூட உக்காந்து சோறு தின்னுக்கினு இருந்த," என்றார்.

ஊரிலும் பேச்சு மாறியது. அந்தப் பக்கத்துக்காரிக்கு நம்மை அடிக்கக் கம்பு எடுத்துக் கொடுத்தவள் என்றார்கள். மேல் ஐந்துக்குக் கை தட்டியவர்கள்தான். அதையும் நான்தான் கல் புரட்டி எழுதினேன் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவளுக்குப் போன் செய்தேன். நாலைந்து நாள் எடுக்கவில்லை. பிறகு அவளே கூப்பிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் எதிரே இருக்கும் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னாள். போனேன். இரண்டு டீ சொல்லிவிட்டு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால், எங்கள் பக்கம் மேல் ஐந்தை மட்டும் காட்டப்போகிறது என்று அவர்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிட்டதாம். அவளைக் கூப்பிட்டு, உன் நோட்டுதானே, அவர்கள் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கே அப்போதுதான் தெரியும். கீழ் ஐந்தைக் கொடு, இல்லையென்றால் குழுவிலிருந்து விலகு என்றார்கள். விலகினால் ஆற்றுக்காகப் பேச உள்ளே ஒருத்தர்கூட இருக்க மாட்டார்கள் என்று நினைத்ததாகச் சொன்னாள். உள்ளே இருந்தால் நாளைக்காவது ஆற்றின் பங்கைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தாளாம்.

"மொதல்ல குடுத்தது நீதான அக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"தப்புதான். ஆனா நான் பத்தையும் குடுத்தேன். அறுத்தது அவங்க. நீ உன் கையாலயே அறுத்த," என்றேன்.

"பேர மறைச்சுட்டேன்."

"எங்க மேனேஜர் என் பேரப் படிக்கணுமா? தெனமும் அந்தக் கையெழுத்தப் பாக்குறவரு."

அவள் டீயைத் தொடவே இல்லை. ஏடு படிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்துக் கைக்குட்டையோடு போயிருந்தேன்.

"ஒரு வாரம் இருந்துச்சே உனக்கு," என்றேன். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே. எங்க மாமியாருக்காக மூணு நாள் ஆஸ்பத்திரித் தரையில படுத்தவ நீ. ஒரு போன் பண்ண முடியலியா?"

அதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு வேறு எது சொல்லியிருந்தாலும் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டுச் சமாதானமும் ஆகியிருப்பேன். அவள் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கூட்டத்தின் முடிவு பிறகு தெரிந்தது. இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கம்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு, எல்லைக்கோட்டில் தண்ணீரைச் சோதிக்க ஒரு கருவி வைப்பது என்று மட்டும் ஒத்துக்கொண்டார்கள். ஐந்தாவது இடத்துக்கும் ஆறாவது இடத்துக்கும் நடுவில், சிமென்ட் மேடை கட்டி, கம்பி வேலி போட்டு, அது வந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு குழாய் தண்ணீருக்குள் போகிறது. கரையில் எண்கள் ஓடுகின்றன. ஆரல் எப்போது போனது, தட்டான் திரும்பி வந்ததா, அந்தத் தண்ணீரில் வளர்ந்த கோஸை யார் தின்கிறார்கள் என்று அதைக் கேட்க முடியாது. ஆற்றின் பங்கு என்ற சொல் அந்தத் தீர்மானத்தில் எங்கேயும் இல்லை. அவள் உள்ளே இருந்தும் இல்லை.

நான் இரண்டு மாதம் ஆற்றுப் பக்கமே போகவில்லை. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டு போர்வெல் தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் வேலை. ஒரு சாயந்திரம் மீன்காரம்மா கடைக்கே வந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி. உள்ளே தண்ணீரில் நாலு நத்தை.

"ஏழாவது எடத்துல ஆம்பிட்டுச்சும்மா. எழுதி வைக்க மாட்டியா?" என்றார்.

எனக்கு இனி மனசு இல்லை என்றேன். அவர் தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்தார்.

"அந்தம்மா உன்ன ஏமாத்துச்சு. இஞ்சினீரு ஏமாத்தினான். ஆறு உன்ன என்னா பண்ணுச்சு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறிலிருந்து பத்து வரை நாங்கள் இரண்டு பேரும் போனோம். புது நோட்டு வாங்கியிருந்தேன். அதற்கு அடுத்த வாரம் மேல் ஐந்துக்கு நான் மட்டும் பஸ்ஸில் போனேன். மூன்றாவது இடத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் கையில் இருந்த வெள்ளைத் தட்டைப் பார்த்துவிட்டு, அந்த மேடமும் போன ஞாயிறு தனியாக வந்து கல்லைப் புரட்டிவிட்டுத்தான் போனார் என்று கன்னடத்தில் சொன்னாள். இரண்டு பேரும் ஏன் சேர்ந்து வருவதில்லை என்று கேட்டாள். எனக்குக் கன்னடம் அவ்வளவாக வராது என்பதுபோல் சிரித்துவைத்தேன்.

சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு தெரிந்தவள், இன்னமும் இங்கே வந்து முட்டி போட்டு எண்ணுகிறவள், அன்றைக்கு மேடையில் மட்டும் ஏன் கீழ் ஐந்தோடு நின்றாள்? அவள் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. அன்றைக்குக் கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை.

ஒரு வருடம் எண்ணிய பிறகு பத்தையும் நானே உட்கார்ந்து எழுதினேன். எங்கள் தொழிற்சாலை வால்வையும், ரிஜிஸ்டரில் இருந்த என் கையெழுத்துகளையும் இந்த முறை விடவில்லை. இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் தலா ஒரு பிரதி பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. பதில் இரண்டு பக்கத்திலிருந்தும் வரவில்லை.

கிராம சபையில் படிக்கிறேன் என்று கேட்டேன். தலைவர் தயங்கி, கடைசி விஷயமாகப் படிக்க விட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமர நிழலில் நின்று படித்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லோரும் கேட்டார்கள். நடுவில் ஒருவர் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஆறாவது இடத்துக்கு வந்தபோது முன்னால் இருந்த நாலு பேர் எழுந்தார்கள். எட்டுக்கு வரும்போது பாதி நாற்காலி காலி. ஒன்பதில் என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். மீன்காரம்மா முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். என் கணவர் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் கை கட்டி நின்றிருந்தார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. நான் பத்தாவது வரைக்கும் படித்தேன்.